கிழக்கு வாய்

சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், சார். நல்லதுதான். ஆனால் தோல் சீவாத இஞ்சி. தம்ளரின் அடியில் மண் தங்கியிருக்கிறது. பதினேழு வருஷமாகச் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள் நான், அதனால் நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

நேற்று வந்தபோதும் இப்படித்தான் சாயா வாங்கிக் கொடுத்து, "வீட்டுக்குப் போங்க அம்மே" என்று ஸ்டேஷன் ரைட்டர் அனுப்பிவிட்டார். நான் சொன்னதில் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் அம்மா பாலக்காட்டுத் தமிழ்க்காரி என்று வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள், ஆகவே தமிழிலேயே சொல்கிறேன். எனக்குப் புத்தி பிசகவில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தாறு. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது பத்தொன்பது. என் வீட்டுக்காரர் வீரபாண்டி மூட்டை சுமந்தார். நாற்பத்தெட்டாம் வருஷம் மிளகு மூட்டை அடுக்கு சரிந்து செத்துப்போனார். பிள்ளை கிடையாது. அக்காள் செத்த பிறகு அவள் மகன் நல்லசிவத்தை ஒன்பது வயதில் கூட்டிவந்து நான்தான் வளர்த்தேன். கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில் நாற்பது வீடு, எல்லாம் தமிழ்க்குடிகள். சந்தின் கடைசியில், மரங்களுக்கு நடுவே, நாகம்மன் காவு. அது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டம்மா மூன்று வருஷமாக ஆயில்யத்துக்கு அங்கே வருகிறார். உங்கள் நெற்றியில் இருக்கிற மஞ்சளும் அங்கே வாங்கியதுதான்.

அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் நாகத்துக்கு ஆவணி ஞாயிறு. இங்கே கன்னி மாதத்து ஆயில்யம், நம் புரட்டாசியில் வரும். இடப்பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாகப்பாட்டுப் பாடுகிற புள்ளுவனும் அவன் பெண்சாதியும் வருவார்கள். அரிசிமாவிலும் மஞ்சளிலும் கரியிலும் தரையில் பின்னிக் கிடக்கிற இரண்டு பாம்பைக் களமாக எழுதுவார்கள். அவன் குடத்தில் கட்டிய நரம்பைத் தட்டிப் பாடப் பாட, கையில் கமுகம்பூக்குலையோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அருள் வரும். அவள் ஊர்ந்து ஊர்ந்து களத்தை அழிப்பாள். அப்போது அவள் சொல்வதெல்லாம் அம்மன் சொல்.

ஐம்பதாம் வருஷம் வரை எனக்கு அங்கே இடம் கிணற்றடிதான். தாலி அறுத்தவள் களத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது, பாத்திரம் கழுவலாம். அந்த வருஷம் காய்ச்சலோடு விரதமும் இருந்தேன். வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தலை சுற்றி, களத்தின் மேலேயே விழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது நாற்பது வீட்டுப் பெண்களும் கைகூப்பி நின்றார்கள். "தாயே, என்ன குறை வச்சோம், சொல்லு தாயே" என்று ஒருத்தி அழுதாள். காலையில் என் நிழல் பட்டதற்குக் குடத்தை மறுபடி கழுவியவள் அவள்.

அம்மன் என் மேல் வரவில்லை, சார். அன்றைக்கும் வரவில்லை, பிறகு வந்த பதினொரு ஆயில்யத்திலும் வரவில்லை. வந்ததுபோல ஆடினேன். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த நாக்கால் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதுங்கள். தினமும் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்த ராசப்பனைக் களத்தில் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினேன். ஏழு வருஷம் அவன் குடியைத் தொடவில்லை. சாக்கடையைத் தோண்டச் சொன்னேன். அந்த மழைக்காலம் பக்கத்துச் சந்தில் வாந்திபேதியில் ஆறு பேர் போனார்கள், எங்கள் சந்தில் ஒருவரும் இல்லை. அம்மை குத்த வந்தவர்களைக் கல்லெறிந்து விரட்டிய ஜனத்தை, வரிசையாகக் கையை நீட்டவைத்தேன். ஊசியும் என் ஊசிதான் என்று அம்மன் சொன்னாள். இதில் எது கெட்டது? அம்மன் நிஜமாகவே வந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாளா?

ஐம்பத்தொன்பதில் நல்லசிவத்துக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். அவன் அப்போது படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெண் அக்கரையில் தேவராவில் பிறந்து வளர்ந்தவள், பெயர் சீதாலக்ஷ்மி. வாயைத் திறந்தால் பாதி மலையாளம். நல்ல பெண். அதை இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. கிடங்கிலிருந்து நான் வந்தால் கால் கழுவத் தண்ணீர் வைத்திருப்பாள். சுக்குத் தூசி ஏறி என் கண் எரியும் என்று, கேட்காமலே துணியை நனைத்துக்கொண்டு வருவாள். ஆயில்யத்துக்கு முன்னால் என் மஞ்சள் சேலையைத் துவைத்துக் காயவைப்பது அவள் வேலை. என்னைக் களத்தில் பார்க்கும்போது அவள் கண் நிறைந்துவிடும். அவள் என்னை நம்பினாள்.

அறுபதாம் வருஷத்து ஆயில்யம். நான் ஆடிக்கொண்டிருந்தேன். அவள் களத்தின் ஓரத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று விளக்கைக் கீழே வைத்தாள். போடவில்லை, பத்திரமாக வைத்தாள். பிறகு முழங்கால் மடங்கி, தரையோடு தரையாக வந்தாள். களத்தின் மேல் அவள் ஊர்ந்தபோது மாவு கலைந்த விதம் வேறு. நான் அழித்தால் துடைப்பம் போட்டதுபோல இருக்கும். அவள் போன இடத்தில் பாம்பு போன தடம் இருந்தது. புள்ளுவன் பாட்டை நிறுத்திவிட்டான். முப்பது வருஷமாகப் பாடுகிறவன் அவன்.

பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சார். அவளிடம் அது இல்லை.

என் காதுக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உடம்பு நோகலையா உனக்கு? போதும், எழுந்திரு" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை. நீங்கள் என்றும் சொல்லவில்லை. கோபமும் இல்லை அதில். இரக்கம் இருந்தது. நான் எழுந்து கிணற்றடிப் பக்கம் போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளிடம் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குப் பேடியா, பயமா இருக்கு அத்தே. கண்ணத் தொறந்தா எல்லாரும் கால்ல விழுந்து கெடக்காங்க. இது எனக்கு வேண்டாம். நீங்க பறஞ்சா அம்மன் கேக்கும். வேண்டாம்னு பறயுங்க அத்தே."

"பார்க்கலாம்" என்றேன்.

அடுத்த ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஆள் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வருவார்கள், மாடு கறக்கவில்லை என்று வருவார்கள். "சீதாலக்ஷ்மி இருக்காளா?" என்று என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பத்து வருஷம் என் காலில் விழுந்தவர்கள் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நானும் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பொறாமை என்று சந்தில் சிலர் பேசினார்கள்; பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனின் பெண்டாட்டியிடம் எனக்கு என்ன பொறாமை?

என் கவலை வேறு. அவள் வாயிலிருந்து வந்த அம்மனுக்கு ஒழுங்கு தெரியவில்லை. சாக்கடையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். ஒருநாள் ராசப்பனின் பெண்டாட்டி வீரலட்சுமி அழுதுகொண்டு வந்தாள். அவன் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தான். நானாக இருந்தால் அவனை வரவழைத்திருப்பேன். இவள் வீரலட்சுமியின் தலையைத் தடவி, "போகணும்னு இருந்தா போ" என்றாள். வீரலட்சுமி அன்று சாயங்காலமே துணிமூட்டையோடு ரயிலேறிப் போய்விட்டாள். பத்து வருஷம் நான் கட்டிக்காத்த சந்து அது. அவரவர் மனசில் இருப்பதைச் சொல்வதற்கு அம்மன் எதற்கு? ஒரு சந்தில் இரண்டு நாக்கு இருக்க முடியாது. ஏதாவது ஒன்று முடிவாக வேண்டும் என்று நினைத்தேன். சோதனை வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

காவில் இலஞ்சி மரத்தடியில் ஒரு புற்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு வாய். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. வெள்ளிக்கிழமைதோறும் முட்டை வைக்கிறவள் நான், அதனால் உள்ளே நல்லபாம்பு இருப்பது எனக்குத் தெரியும். எனக்குப் பாம்பென்றால் பயம். கையை நீட்டாமல் ஒரு மட்டையால் முட்டையைத் தள்ளிவிட்டு வந்துவிடுவேன்.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஆயில்யத்தன்று, காலை பத்து மணிக்குக் காவைப் பெருக்கப் போனேன். பாம்பு வெளியே வெயிலில் கிடந்தது. என்னைக் கண்டதும் கிழக்கு வாய் வழியாக உள்ளே போயிற்று. நான் ஒரு வெட்டுகல் துண்டை எடுத்து மேற்கு வாயில் ஒரு முழ ஆழத்துக்குச் செருகினேன். இடுக்கில் களிமண் அடைத்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டையை வைத்தேன். கிழக்கு வாயிலும் ஒரு முட்டை வைத்தேன், மட்டையால் உள்ளே தள்ளி. பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். சீதாலக்ஷ்மி என் சேலையை மடித்து வைத்திருந்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு, நாகத்துக்கு மாவும் பாலும் படைக்கிற நூறும் பாலும் முடிந்து களம் தொடங்கியது. இருவரையும் உட்காரவைத்தார்கள். அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, நானும் ஆடினேன். பாட்டு உச்சத்துக்குப் போனபோது நான் எழுந்து கையை உயர்த்தினேன். எல்லாம் அடங்கியது. அந்தப் பழைய குரலில் பேசினேன்.

"எனக்கு ரெண்டு நாக்கு இல்ல. யாரு எம்புள்ளன்னு நானே காட்டுறேன். எம்புள்ள எவளோ அவ என் வீட்டுக்குள்ள கைய விட்டு முட்டைய எடுப்பா."

மேற்கு வாய்க்குப் போய்க் கையை விட்டேன். முட்டை கைக்கு வந்தது. தூக்கிக் காட்டினேன். குலவைச் சத்தத்தில் காவே அதிர்ந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு கிழக்கு வாயைக் காட்டினேன். சீதாலக்ஷ்மி எழுந்து வந்தாள். புற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவள் உடம்பில் நடுக்கம் நின்றிருந்தது. அருள் போய்விட்டது. முகம் முழுவதும் வியர்வை, வழக்கமான முகம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தே, கை வைக்கட்டா?" என்றாள்.

அம்மன் கேட்கவில்லை, சார். என் மருமகள் கேட்டாள். அடுப்பில் உலை வைக்கட்டுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"வை" என்றேன்.

வைத்தாள். உள்ளே முழங்கை வரை போயிற்று. ஒருமுறை தோள் துள்ளியது. கையை வெளியே எடுத்தபோது முட்டை உடையாமல் இருந்தது. அதை என் பக்கம் நீட்டிச் சிரித்தாள், சொன்ன வேலையை முடித்துவிட்ட சிரிப்பு. மணிக்கட்டில் இரண்டு புள்ளி.

நல்லசிவம்தான் முதலில் பார்த்தான். கத்திக்கொண்டே ஓடி வந்தான். அதற்குள் என் முதலாளி நூர் முகம்மது வந்துவிட்டார். சத்தம் கேட்டுக் கிடங்கிலிருந்து வந்தவர், காவின் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எர்ணாகுளத்துல பெரிய ஆஸ்பத்திரியில விஷத்துக்கு ஊசி இருக்கு. லாரி நிக்குது, பாலம் வழியா அரை மணிக்கூர்தான். புள்ளையத் தூக்குங்க!"

ஊசி இருப்பது எனக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு கப்பைக்கிழங்கு வியாபாரி பிழைத்து வந்ததைக் கிடங்கில் பேசிக்கொண்டார்கள். மருந்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அம்மை குத்தவைத்தவள் நான். ஆனால் அவள் போய்ப் பிழைத்து வந்தால், பாம்பு கடித்தும் சாகாதவள் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு சந்தில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

களத்துக்குக் குறுக்கே நின்றேன். "எம்புள்ளைய இந்த எல்லையத் தாண்டிக் கொண்டு போனா விஷம் தலைக்கு ஏறும். மஞ்சள் போடுங்க. நான் இருக்கேன்" என்றேன். நூர் முகம்மது விடவில்லை. "பேச்சியம்மா, இது உசிரு. வெளையாட்டு இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் ஒருவருக்குத்தான் அன்று என் முகம் தெரிந்தது. மற்றவர்களுக்கு அம்மன் முகம் தெரிந்தது. நாலு ஆண்பிள்ளைகள் வேலி வாசலை மறித்து நின்றார்கள். வேற்று ஆள் சொல்லி அம்மன் சொல்லைத் தட்டுவதா என்றார்கள்.

நல்லசிவம் அவளைத் தூக்கிவிட்டான். தோளில் போட்டுக்கொண்டு என்னெதிரே வந்து நின்றான்.

"சித்தி, நீ சொல்லு. கொண்டு போகட்டுமா?"

அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து சோறு போட்டவள் நான். அவன் அம்மனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டான். "கீழ விடுடா. அம்மன் பாத்துப்பா" என்றேன். இறக்கிவிட்டான்.

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்குக்கூட அவளைக் காப்பாற்றியிருக்கலாம். லாரி அங்கேயே நின்றது. டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றரைக்கு அவள் இமை தானாகக் கீழே விழுந்தது. விரலால் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. "அத்தே, இருட்டிடுச்சா?" என்றாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமாம்மா" என்றேன். பிறகு பேச்சு வரவில்லை. ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் லாரி போயிற்று.

இதுவரை சொன்னதை எழுதினீர்களா? பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே.

பாம்பு கடித்துச் சாவு என்று முனிசிபாலிட்டியில் எழுதினார்கள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் சாதாரணப் பெண், சோதனையில் தோற்றாள், பாவம் என்று நாலு நாள் அழுதுவிட்டு ஜனம் என்னிடம் வரும் என்று நினைத்தேன். எட்டாம் நாள் புற்றுக்கு முன்னால் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். முட்டை உடையவில்லையே என்றார்கள். கடி வாங்கியும் சிரித்தாளே என்றார்கள். அம்மன் தன் பிள்ளையைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டாள் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு வழி வைத்தவள் நான்தான். எம்புள்ள என்று களத்தில் சொன்னது என் வாய்தானே. மறுவருஷம் கல்லுக்கு ஓட்டுக்கூரை வந்தது. சீதம்மன் என்று பெயர் வந்தது. தேவராவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் படகில் வருகிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள், உங்கள் வீட்டம்மாவைப் போல. நல்லசிவம் படகுத்துறை வேலையை விட்டுவிட்டு அங்கே விளக்கேற்றுகிறான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நூர் முகம்மது என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் இந்த நாலு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள், உள்ளதைச் சொல்வார்.

வருகிற ஆயில்யத்தில் கல்லை எடுத்துவிட்டு ஐம்பொன் சிலை வைக்கப் போகிறார்கள். அதனால்தான் இப்போது வந்தேன். எனக்குப் பச்சாத்தாபம் ஒன்றும் இல்லை, அப்படி எழுத வேண்டாம். பொய்யை உட்காரவைத்து மாலை போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் அம்மன் இல்லை. அம்மனாக இருந்தால் நான் வை என்றதும் கையை வைத்திருப்பாளா? அம்மன் யார் பேச்சையும் கேட்க மாட்டாள். என் மருமகள்தான் கேட்பாள்.

சோதனை என்று முன்னால் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். பாம்பு எந்த வாயில் இருக்கிறது என்று தெரிந்துதான் அந்த வாயைக் காட்டினேன். லாரி நிற்பது தெரிந்துதான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சாக வேண்டும் என்று நினைத்தேன், செத்தாள். கொன்றது நான். சாட்சி வேண்டுமென்றால் புற்றின் மேற்கு வாயைத் தோண்டிப் பாருங்கள், வெட்டுகல் அங்கேயேதான் இருக்கும். தோண்ட உங்களுக்குக் கை வராது என்று தெரியும். நெற்றி மஞ்சளோடு எப்படித் தோண்டுவீர்கள்? ஆனாலும் நீங்கள் உத்தியோகஸ்தர்.

எங்கே கைரேகை வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், வைக்கிறேன். தூக்கோ ஜெயிலோ, எனக்கு ஒன்றுதான். பெயரும் மரியாதையும் வேண்டியவள் இப்படி ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் வந்து உட்கார மாட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு என்னைப் பிடித்து வைக்க வேண்டாம். ஆயில்யத்தன்று மத்தியானம் ஜீப்பைக் காவின் வாசல் வரை கொண்டுவாருங்கள். பாட்டு உச்சத்துக்குப் போகட்டும், தேவராக்காரர்களும் வந்து சேரட்டும். நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு களத்துக்கு நடுவில் நிற்பேன். எல்லாரும் என்னைப் பார்த்த பிறகு விலங்கைப் போடுங்கள்.